ஒன்பதாவது கேள்வி

நான்கு வருடமாக மூளையைப் படிக்கிறேன். இதுவரை ஒரு மூளையும் எனக்கு ஒழுங்காக ஒத்துழைத்ததில்லை. தலையில் எதையும் பூசாமல் வாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் ஜெல் பூசிக்கொண்டு வருவார்கள். மூளை அலையைப் பதியும் மின்முனை ஒட்டாது. அன்றைய பதிவு குப்பைக்குப் போகும்.

மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்பால் சிகிச்சை. அதுதான் என் ஆராய்ச்சி. அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டு அறைக்குள் முடங்கியபோது என்னைப் பிடித்த பிடிவாதம் இது. வாரம் ஒருமுறை அவனுக்குப் போன் செய்வேன். "நல்லா இருக்கேம்மா" என்பான். சரி என்று வைத்துவிடுவேன்.

முப்பது பேர் வேண்டும். முப்பதாவது ஆள் ஒரு டெய்லர். வந்த முதல் நாளே என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "ஓரம் பிரிஞ்சிருக்கும்மா, கழட்டிக் குடு" என்றவர். வாராவாரம் ஒன்பது கேள்விகளுக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டுத் தருவார்; எண் கூடினால் சோர்வு அதிகம். இருபத்தொன்றில் தொடங்கிய கூட்டுத்தொகை ஐந்தாம் வாரம் இரண்டுக்கு இறங்கியது. எரிந்து விழுவதையே வேலையாக வைத்திருக்கும் என் கைடுகூட அன்று சிரித்தார்.

கடைசி வாரம் படிவத்தில் எல்லாம் பூஜ்யம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் எழுந்தபோதுதான் பார்த்தேன், சட்டைக் கையின் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடைக்குப் போறீங்களாண்ணே?"

"மெஷின்ல உக்காந்து ஒரு மாசமாச்சும்மா."

"அப்புறம் ஏன் பூஜ்யம் போட்டீங்க?"

அவர் கதவைப் பார்த்தார். "ரிசல்ட் வரலைன்னா டிகிரி கிடையாதுன்னு உங்க சார் கத்துனது வெளிய கேட்டுச்சு. என்னால ஒரு பொண்ணு படிப்பு கெடக்கூடாதுல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல், கைடு மேல், இறங்கிய எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போன என் மேல். புதுப் படிவத்தை நீட்டினேன். "எனக்காக வேணாம். உள்ளதைப் போடுங்க."

ஒன்பதாவது கேள்வி, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பது. பேனா அங்கே வெகுநேரம் நின்றது. பிறகு மூன்று போட்டார். அதற்கு மேல் எண் இல்லை.

மேல்மாடி மனநல மருத்துவர் இறங்கி வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

"முடிஞ்ச ஃபார்மை ஏம்மா நோண்டுன? இன்னும் ஒரு வருஷம் போச்சு!" கைடு மேசையைத் தட்டினார்.

"அத்தனையும் பொய் சார்."

"அப்ப மத்த இருபத்தொம்பது பேரு போட்டதும் பொய்யா?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நல்லா இருக்கேம்மா."

"அண்ணா, எனக்காகச் சொல்லாத. உள்ளதைச் சொல்லு."

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வைக்கவில்லை.

"இல்லம்மா" என்றான். "நல்லா இல்ல."