பிங்கோ நேரத்தில் பேசக் கூடாது

ஒரு கடற்கரை ஊரின் நகரமன்றம் அவர்களுடைய பாட்டுக் குழுவை மேடையேற விடாமல் திருப்பி அனுப்பி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. இரவு தூங்கியதும் காலையில் பல் துலக்கியதும் வேனுக்குள்தான். இப்போது வேன் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

டெஸ் ஓட்டினான். வேன் அவனுடையது. முன்பு அதில் கடைகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். மழை பெய்தால் இன்னமும் உள்ளே மாவு வாசனை அடிக்கும். பக்கத்தில் பாடகி இவோன், பூட்ஸ் காலை முன்கண்ணாடியில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில், பேஸ் கிட்டார் வாசிக்கும் கிளைவும் டிரம்ஸ் வாசிக்கும் கிளெண்டாவும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரே மாசத்துல மூணு ஊரு," என்றான் கிளைவ். "வாசிச்சதைக் கேட்டுட்டுத் துரத்தினாலாவது மனசு ஆறும். போஸ்டரைப் பார்த்தே துரத்துறாங்க."

"நீ வாசிக்கிறதைக் கேட்டிருந்தா முதல் ஊருலயே கதை முடிஞ்சிருக்கும்," என்றாள் இவோன், திரும்பாமலே.

போஸ்டரில் பெரிதாக எதுவும் இல்லை. குழுவின் பெயர்தான்: கல்யாணமாகாத தாய்மார்கள்.

அந்தப் பெயரை அவர்களாக யோசித்துக்கூட வைக்கவில்லை. சென்ற குளிர்காலத்தில் இவோன் வீட்டு கார் ஷெட்டில் மூவரும் முதல் முறையாக வாசித்துப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இந்தக் கூத்தெல்லாம் அடிச்சா கடைசியில கல்யாணமாகாத தாய்மார்களாத்தான் நிப்பீங்க!" என்று கத்தினாள். "ரொம்ப நன்றிங்க, பேரு கிடைக்காமத் தவிச்சிட்டிருந்தோம்," என்றாள் இவோன். அவளும் கிளைவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளெண்டா சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து பெரிய டிரம்மின் முகத்தில் அந்தப் பெயரைத் தானே எழுதினாள்.

நிகழ்ச்சி தொடங்கும்போது இவோன் மைக்கைப் பிடித்துக் குழுவின் பெயரைக் கத்துவாள். கூட்டம் திருப்பிக் கத்தும். முன்வரிசைப் பையன்கள் காறித் துப்புவார்கள். அந்த வருடம் பங்க் இசை ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த குழுவுக்குச் செய்த மாலை மரியாதை அதுதான். இவோன் நனைந்துபோவாள். பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும் கிளெண்டாவைப் பார்த்து, "உனக்கென்னடி, மழை பெய்யாத ஊருல குடியிருக்க," என்பாள்.

கிளெண்டாவின் வீட்டில் அந்த இரண்டு சொற்களைச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். அதுவும் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு. இங்கே முன்பின் தெரியாத முந்நூறு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் குச்சிகளை நான்கு முறை தட்டிப் பாட்டைக் கிளப்புவது அவள் வேலை. அந்த ஒரு நொடிக்காக அவள் எந்த ஊருக்கும் வருவாள், எந்தத் தரையிலும் படுப்பாள்.

"ஒரு விஷயம்," என்றான் டெஸ். "நேத்து லண்டன்ல ஒருத்தர்கிட்ட போன்ல பேசினேன். பெரிய குழு ஒண்ணு கிளம்புது. பதினோரு ஊரு. அவங்களுக்கு முன்னாடி அரை மணி நேரம் வாசிக்க ஆள் வேணுமாம். நம்மளைக் கேட்டாரு."

கிளைவ் நிமிர்ந்ததில் தலை வேனின் கூரையில் இடித்தது.

"பெரிய பெரிய அரங்கம். ராத்திரி படுக்கக் கட்டில். ஆனா பேரை மாத்தணும். இந்தப் பேரோட ஒரு நகரமன்றமும் உள்ள விடாதுங்கிறாரு. இன்னிக்கு ஒன்பது மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"மாத்திடுவோம்," என்றான் கிளைவ். "நான் எந்தக் கணக்குல தாய்? பேப்பர்ல பேரைப் பார்த்துட்டு எங்கம்மா ரெண்டு நாள் என்னோட பேசல."

இவோன் காலைக் கீழே இறக்கினாள். "பேருல என்ன இருக்கு. பாட்டு அதேதானே. ம்… சரின்னு வை. கிளென்?"

"வேண்டாம்," என்றாள் கிளெண்டா.

மூவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முதல் நாளே இவோன் போட்ட விதி அது. இதுவரை கிளைவ் மட்டும்தான் அதைப் பயன்படுத்தியிருந்தான், முடிக்குப் பச்சைச் சாயம் அடிக்கச் சொன்னபோது.

"ஏன்டி?"

"வேண்டாம்னா வேண்டாம்."

டெஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "இங்க பாரு கிளென். நான் மிரட்டல. உள்ளதைச் சொல்றேன். இது கைவிட்டுப்போனா அடுத்து எங்கயும் கூப்பிட மாட்டாங்க. ரொட்டிக் கடைக்காரர் என்னைத் திரும்பக் கூப்பிடுறாரு. திங்கக்கிழமை போயிடுவேன். வேன் இல்லாம நீங்க பஸ்லயா டிரம்ஸைத் தூக்கிட்டுப் போவீங்க?"

"தெரியும்," என்றாள் கிளெண்டா.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அன்று மாலை அவர்கள் வாசிக்கவேண்டியிருந்தது சுரங்கத் தொழிலாளர்களின் மன்றம் ஒன்றில். 'தி வில்லோஸ்' என்று பொய்ப் பெயர் சொல்லி டெஸ் பிடித்த இடம். மென்மையான கௌபாய் பாட்டுப் பாடும் குடும்பப் பாங்கான மூவர் என்று போனில் அளந்திருந்தான். டிரம்மின் முகத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டி அந்தப் பெயரையும் எழுதிவிட்டான்.

மன்றத்தின் செயலாளர் டாஸ்கர் கம்பளிச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வாசலில் நின்றிருந்தார். அவர் தலைக்கு மேல் ராணியின் வெள்ளிவிழாத் தோரணம் இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கியது. இவோனின் கிழிந்த ஜாக்கெட்டையும் அதில் வரிசையாகக் குத்தியிருந்த ஊக்குகளையும் பார்த்தார்.

"தையல் விட்டுப்போச்சா கண்ணு? எங்க வீட்டம்மாகிட்ட ஊசி நூல் இருக்கு, வாங்கித் தரட்டா?"

"இருக்கட்டுங்க," என்றாள் இவோன். "பழகிடுச்சு."

"சரி, கேட்டுக்கோங்க. நாலு பாட்டு. அப்புறம் பிங்கோ. அப்புறம் நாலு பாட்டு. பிங்கோவுக்கு நம்பர் கூப்பிடும்போது இந்த மன்றத்துல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ராணியம்மாவே வந்தாலும் சும்மா உட்காரணும். போன வருஷம் ஒருத்தன் தும்மினான்."

"என்ன ஆச்சு அவனுக்கு?" என்றான் கிளைவ்.

"இப்ப பக்கத்து ஊரு மன்றத்துக்குப் போறான்."

எட்டு மணிக்கு டாஸ்கர் மைக்கில், "வில்லோஸ்!" என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். இவோன் ஒன்றும் கத்தவில்லை. கத்த என்ன இருக்கிறது? யாரும் திருப்பிக் கத்தவும் இல்லை. கிளெண்டா குச்சிகளைத் தூக்கினாள். எப்போதும் அந்தச் சத்தம் வந்து நிற்கும் இடம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. இனி பதினோரு ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். நான்கு தட்டினாள்.

முதல் பாட்டில் முன்மேசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டில் ஒரு கிழவர் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் டாஸ்கர் மேடையேறி, இவோனின் தோளுக்கு மேல் எட்டி மைக்கைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க. சூடா இறைச்சி அப்பம் வந்துடுச்சு!"

மாலை முழுவதிலும் அதற்குத்தான் பலத்த கைதட்டல். கூட்டம் எழுந்து வரிசையில் நின்றது. அப்பம் தின்று முடித்ததும் எல்லோரும், கூப்பிடும் எண்களை அடிக்க, பிங்கோ அட்டைகளையும் பேனாக்களையும் எடுத்து வைத்தார்கள். யாரோ சுவிட்சைத் தட்டிய மாதிரி அரங்கம் அடங்கியது.

மேடைக்குப் பின்னால் பீர்ப் பெட்டிகள் அடுக்கிய இடம்தான் ஒப்பனை அறை. நடுவில் கதவு இல்லை, ஒரு திரை மட்டும். அதற்கு அந்தப் பக்கம் டாஸ்கர் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தெட்டு. ரெண்டு குண்டம்மா." எட்டின் உருவத்தால் பிங்கோவில் அந்த எண்ணுக்கு அப்படியொரு பட்டப்பெயர்.

டெஸ் கையில் போனுக்கான சில்லறையோடு வந்தான். "மணி ஒன்பதாகப் பத்து நிமிஷம்," என்று கிசுகிசுத்தான். "நான் என்ன சொல்லட்டும்?"

எல்லோரும் கிளெண்டாவைப் பார்த்தார்கள்.

"காரணத்தையாவது சொல்லு," என்றாள் இவோன், அதே கிசுகிசுப்பில். "நான் எதுக்காச்சும் உன்னைக் கட்டாயப்படுத்தியிருக்கேனா? சொல்லுடி. நியாயமா இருந்தா நானே லண்டன்காரனை முடியாதுன்னு சொல்லிடறேன்."

கிளைவ் ஒரு பெட்டியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தான். அவன் கெட்டவன் இல்லை. "எனக்கு இன்னொரு விஷயமும் உறுத்துது," என்றான். "அது பொய்ப் பேரு, கிளென். நம்மள்ல யாரு அப்படி? நானா, இவோனா? நிஜமாவே அந்த மாதிரி இருக்கிற பொண்ணுங்க எங்கயோ தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கும். நாம அதுங்களை வச்சு கிண்டல் பண்ணிட்டுத் திரியறோம். விட்டுடறதுதான் மரியாதை."

"கிண்டல் இல்ல," என்றாள் கிளெண்டா.

"அப்புறம் என்ன?"

திரை அசைந்தது. டாஸ்கரின் பாதி முகம் உள்ளே வந்தது. "உஷ்!" என்றார். முகம் போய்விட்டது. "பதினேழு."

இவோன் பின்வாசலைக் காட்டி, வெளியே போய்ப் பேசலாம் என்று சைகை செய்தாள். கிளெண்டா தலையசைத்து மறுத்தாள்.

குழு தொடங்கிய எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவள் மைக்கில் பேசியதில்லை. கடையில் டீ வாங்கக்கூட இவோனைத்தான் அனுப்புவாள். இப்போது இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டாள். கிசுகிசுத்துவிடலாம். மூன்று பேருக்கும் கேட்கும், போதும். ஆனால் அம்மா அப்படித்தான் சொன்னாள், குழாயைத் திறந்துவிட்டு. டாக்டர் அப்படித்தான் கேட்டார். கடைசி நாளில் காரோடு வந்த சீமாட்டியும் அப்படித்தான், கம்பளியை விரித்து நீட்டிக்கொண்டு, கொடும்மா என்று கிசுகிசுத்தாள். எல்லோருக்கும் அது கிசுகிசுக்கிற விஷயம். இவளும் கிசுகிசுத்தால் இந்த இடமும் சமையலறைதான்.

திரைக்கு அந்தப் பக்கம் இருநூறு பேனாக்கள் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தன. ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

கிளெண்டா எழுந்து நின்றாள். முழுக் குரலில், அரங்கத்தின் கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான். ஆறு வாரம் என்கிட்ட இருந்தான், அப்புறம் தத்துக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. போன ஜூலைல அவனுக்கு நாலு வயசு முடிஞ்சுது."