இரண்டு வாசல் பந்தல்

எங்கள் ஊரான கொனோங்கோவில் கூரைத் தகடு என்றால் ஒபிரி, பந்தல் என்றால் டான்சோவா. ஒபிரியின் தாய்மாமன் இறந்து ஓராண்டு நிறைந்தது. அதற்கான விருந்தைப் பள்ளி மைதானத்தில் வைப்பதென்று முடிவானதும், அவர் டான்சோவாவைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

கவலை மாமாவைப் பற்றியதல்ல. தேர்தல் நெருங்கியிருந்தது. ஒபிரி இரண்டு தேர்தல்களாக ஆளும் விளக்குக் கட்சியின் ஆள். ஊரிலுள்ள அரசுப் பள்ளிக் கூரைகள் எல்லாம் அவருடைய தகடுதான். ஆனால் இந்த முறை மண்வெட்டிக் கட்சிதான் வரும் என்று சந்தையில் வெங்காயம் விற்பவர்கள்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அந்தக் கட்சித் தலைவி செர்வாவுக்கும் ஒபிரி வீட்டிலிருந்து நலம் விசாரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. விளக்குக் கட்சி மந்திரி போன்சு, செர்வா, இருவருமே விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பந்தலுக்குள் வருகிறவர் யாரானாலும், தம் வலப்பக்க வரிசையில் தொடங்கிக் கைகுலுக்கிக்கொண்டே சுற்றி வர வேண்டும். இடப்பக்கம் தொடங்கினால் அவமதித்ததாக அர்த்தம். அதனால் வாசலுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவருக்கே முதல் மரியாதை.

"ரெண்டு பேருக்கும் முதல் மரியாதை வேணும்" என்றார் ஒபிரி.

"எல்லாருக்கும் வலது கை ஒண்ணுதானே இருக்கு, சேர்மன்."

காரியத்தைச் சரியாக முடித்தால், புதுத் தொழிற்சாலைத் திறப்பு விழாவும் அதற்குப் பிறகு கம்பெனி நடத்தும் எல்லா விசேஷங்களும் அவளுக்கே என்றார் ஒபிரி. இருவரில் ஒருவர் முகம் சுளித்து எழுந்து போனாலும் குமாசிப் பந்தல்காரனைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். மழை மாதங்களில் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் டான்சோவாவுக்கு அது சின்னப் பேச்சல்ல.

மாலையில் தனியாக மைதானத்துக்குப் போய், உள்ளே வருவதும் வெளியே போவதுமாக நடந்து பார்த்தாள். மறுநாள் மூங்கிலால் இரண்டு வாசல் கட்டினாள். தெற்கு வாசலில் நுழைந்தால் வலப்பக்கம் கிழக்கு வரிசை, அங்கே விளக்கு. வடக்கு வாசலில் நுழைந்தால் வலப்பக்கம் மேற்கு வரிசை, அங்கே மண்வெட்டி. இரு வழியாக வருகிறவர்களும் ஒரே திசையில் சுற்றுவதால் யாரும் யார்மேலும் இடித்துக்கொள்ள மாட்டார்கள்.

விருந்தன்று ஊரே வெள்ளைத் துணியில் வந்தது. "பாருங்க, அந்தப் பக்கத்துக்காரங்களைக் கடைசியாத்தான் பார்க்கிறாங்க" என்று தங்கள் வாசலில் நுழைந்தவர்களைக் காட்டிக் கிழக்கு வரிசையில் ஒருவர் மந்திரியின் காதில் சொல்லிச் சிரித்தார். மேற்கு வரிசையிலும் அதே பேச்சு, அதே சிரிப்பு. டான்சோவாவுக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.

தட்டைக் கீழே வைத்தபோதுதான் அந்த ஞாபகம் வந்தது. வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, வீட்டார் எழுந்து நன்றி சொல்லிச் சுற்றி வர வேண்டும். அவர்களும் தங்கள் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மாமர நிழல் கிடைக்குமே என்று வீட்டாரை அவள் வடக்கு ஓரத்தில் உட்காரவைத்திருந்தாள். அங்கிருந்து வலப்பக்கம் மண்வெட்டி. ஒபிரியின் முதல் கை யாருக்கு என்பதை இனி மைதானமே பார்த்துவிடும்.

ஒபிரிக்கும் அது புரிந்துவிட்டது. குடும்பப் பெரியவர் எழச் சொல்லி முழங்கையால் இடிக்க, அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தே இருந்தார். மந்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

டான்சோவா நேரே மேளக்காரர்களிடம் போய் அடோவா ஆட்டத்துக்கு வாசிக்கச் சொன்னாள். பிறகு ஒபிரியின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமாவுக்காக ஒரு ஆட்டம் ஆடுங்க, சேர்மன். நடுவுல வலதும் கிடையாது, இடதும் கிடையாது."

ஒபிரி பாய்ந்து எழுந்தார். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு நளினமாக ஆடும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆட்டம் பிடித்துப்போனால் போய் ஆடுபவரின் தலைக்குமேல் இரண்டு விரலை உயர்த்துவது எங்கள் வழக்கம். முதலில் எழுந்தவர் செர்வா. அதைக் கண்ட மந்திரி, சரியும் துணியை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் விரல் உயர்த்த, ஒபிரி இரண்டு கையையும் விரித்து இருவரையும் ஒருசேர அணைத்துக்கொண்டார். அதற்குள் வீட்டாரில் மற்றவர்கள் வலப்பக்கம் தொடங்கிச் சுற்றி முடித்துவிட்டார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் இரண்டு கட்சிப் பத்திரிகைகளிலும் அந்தப் படம் வந்தது, ஆளுக்குப் பாதியாக வெட்டி.

வார இறுதியில் ஒபிரி போன் செய்தார். திறப்பு விழாப் பந்தல் அவளுக்குத்தான் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்:

"போன்சு விளக்கை விட்டுட்டாரு. தனிக் கட்சி ஆரம்பிக்கிறாராம். மூணு வாசல் வைக்க முடியுமா?"

"வைக்கலாம், சேர்மன்" என்றாள் டான்சோவா. "நீங்க ஆட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க."