பத்தாயிரம் கிலோமீட்டர்

கோவிந்தப்பன் கை கழுவச் சோப்பை எடுத்தால் முனிலட்சுமிக்கு வயிறு எரியும்.

புருஷன் கை கழுவினால் எரிச்சல்படுகிறவளும் உண்டா என்று கேட்பீர்கள். அவசரப்பட்டு அவளைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஓசூர் பாகலூர் சாலையில், ஒரே தகரக் கூரையின் கீழ், இந்தப் பக்கம் அவனுடைய கார் ஷெட், அந்தப் பக்கம் அவளுடைய டீக்கடை. பதினாறு வருஷமாக அவன் கையை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். எப்பேர்ப்பட்ட ஆள் வண்டி கொண்டுவந்தாலும் பழைய பனியன் துணியில் கையை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவன், அந்த வெள்ளைக் கார் வந்து நின்றால் மட்டும் தொட்டியடிக்குப் போவான். சோப்புப் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்ப்பான்.

வெள்ளைக் கார் மணிமேகலையுடையது. சிவகாசிப் பக்கத்துப் பெண். சிப்காட்டில் ஒரு கம்பெனியில், செய்து வரும் இரும்புச் சாமான்களை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிற வேலை. கூட வேலை பார்த்த, பக்கத்துப் பேரிகை ஊர்ப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு, அவன் வீட்டிலிருந்து தினமும் வந்து போனாள். இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிப்டு. பன்னிரண்டு வருஷம் ஓடிய அந்தக் கார் அவள் பொறுப்பில்தான்.

அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால்கூட முனிலட்சுமி பொறுத்திருப்பாள். அவளைக் குடைந்தது பேச்சு. மற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்க வந்து உட்காருவார்கள். இவள் உட்கார மாட்டாள். பானெட்டைத் தூக்கியதும் பக்கத்தில் போய் நின்று, ஆயில் ஏன் கறுக்கிறது, கறுத்தால் கெட்டதா, இந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அளவுக்கம்பியை உருவி அவளிடம் காட்டி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துக் காட்டி, கோவிந்தப்பன் விளக்குவான் பாருங்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் கெட்டார். வீட்டிலோ அவன் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிசயம். அதிலும் இரண்டு உப்பைப் பற்றியதாக இருக்கும்.

பழைய எஞ்சின் என்பதால் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயில் மாற்றச் சொல்லியிருந்தான். அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இரண்டரை மாதம். சோப்பு கரைகிற கணக்கு முனிலட்சுமிக்கு அப்படித்தான் மனப்பாடமாயிற்று.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆனி மாதம். ஆயில் கம்பெனி ஆள் ஹரீஷ்குமார் ஒரு பையோடு வந்தான். சிந்தெடிக் ஆயில் என்று புதுச் சரக்கு. கோவிந்தப்பன் பிடி கொடுக்கவில்லை. தோற்றுப்போன முகத்தோடு டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தவன், கேட்க ஆள் கிடைத்தால் போதும் என்று முனிலட்சுமியிடம் ஆரம்பித்தான்.

"இதை ஊத்திட்டா பத்தாயிரம் கிலோமீட்டருக்கு வண்டி இந்தப் பக்கமே எட்டிப் பாக்காதுக்கா. அதான் அண்ணனுக்குப் பிடிக்கல."

டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. பத்தாயிரம் என்றால் எட்டு மாதம். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது டீயும் ஒரு போண்டாவும் கேட்காமலே வந்தன. அந்த ஆயில் மெலிசாக ஓடும், சூட்டில் நீர்த்துப் போகாது, காலையில் வண்டி சட்டென்று கிளம்பும் என்று எல்லாவற்றையும் கேட்டு மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள். பழைய எஞ்சினாக இருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும் என்றும் அவன் சொன்னான். அது அவள் காதில் ஏறவில்லை. ஏறுகிற நிலையில் காது இல்லை.

அடுத்த தடவை வெள்ளைக் கார் வந்தபோது, அவள் வாழ்நாளில் முதல்முறையாக டீயை எடுத்துக்கொண்டு பானெட் வரைக்கும் போனாள். சிந்தெடிக் ஊற்றிக்கொள்ளச் சொல்லி, மனப்பாடம் பண்ணியதை எல்லாம் ஒப்பித்தாள். மணிமேகலை ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டாள். கோவிந்தப்பன் வேண்டாம் என்றான். இத்தனை வருஷ அழுக்கு உள்ளே படிந்து ஓட்டையை எல்லாம் அதுவே அடைத்து வைத்திருக்கிறது, மெலிசான ஆயில் அழுக்கைக் கரைத்து வழி கண்டுபிடித்துவிடும் என்றான்.

"வண்டி அடிக்கடி வந்தாத்தானே இவருக்கு வேலை. அதான் வேணாங்கறாரு," என்றாள் முனிலட்சுமி, சிரித்த மாதிரி.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. தொழிலில் நாணயத்தைத் தொட்டால் அவன் அப்படித்தான், நத்தை மாதிரி உள்ளே போய்விடுவான். எந்த அண்ணன் வேண்டாம் என்றாரோ அவரே பேசாமல் நிற்கவும், அக்கா சொல்வதுதான் சரி போலிருக்கிறது என்று மணிமேகலை முடிவுசெய்தாள். சிந்தெடிக் வந்தது. ஊற்றினான். அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரை அட்டையில் எழுதி, கம்பியில் கட்டித் தொங்கவிட்டான்.

முனிலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். இனிமேல் தை கழிந்து மாசியில்தான். அன்றைக்கு டீயில் சர்க்கரை தூக்கல் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இருபது நாள்கூட ஆகவில்லை. வெள்ளைக் கார் டீக்கடைக்கு முன்னால் வந்து நின்றது. அது கிளம்பிப் போன இடத்தில், அவள் காலையில் தெளித்துக் கூட்டிய வாசலில், எட்டணா அகலத்துக்கு ஆயில் பொட்டு. அடுத்த வாரம் இரண்டு பொட்டு. எஞ்சினின் பின்பக்க சீல் கசிகிறது, மாற்றுவதென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் வண்டியை விட வேண்டும் என்றான் கோவிந்தப்பன். மணிமேகலைக்கு லீவு கிடைக்கவில்லை. அதுவரைக்கும் சனிக்கிழமை தவறாமல் வந்து குறைந்ததை ஊற்றிக்கொண்டு போனாள்.

இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை கரைந்த சோப்பு இப்போது வாரம் ஒரு தடவை கரைந்தது. யாரிடம் போய்ச் சொல்வாள்? தன் வாயால் தானே வரவழைத்துக்கொண்டது. பொட்டின் மேல் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தாள்.

ஒரு சனிக்கிழமை கார் வரவில்லை. முனிலட்சுமி நிம்மதியாகத்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணிமேகலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் புழுதி. பேரிகைச் சாலையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததாம். அந்த விளக்கு எரிந்தால் ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது என்று அண்ணன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, அங்கேயே நிறுத்திவிட்டு, வெயிலில் இரண்டு மைல் நடந்து பஸ் பிடித்தாளாம். வீட்டுக்குத் தெரிந்தால், பெண்பிள்ளைக்கு எதற்குக் கார் என்று சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தப்புதான் மேடம். தெரிஞ்சே ஊத்திட்டேன். சீல் என் செலவு," என்றான் கோவிந்தப்பன்.

தண்ணீர் மொண்டு வந்த முனிலட்சுமி அப்படியே நின்றாள். பதினாறு வருஷத்தில் தன் வேலையைத் தப்பு என்று அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள்.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு," என்றாள் முனிலட்சுமி. "நான்தான் அவரு வாயை அடைச்சேன்."

"எதுக்குக்கா?"

"நீ அடிக்கடி இங்க வராம இருக்கணும்னு."

எப்போதும் மேடம் என்கிற முனிலட்சுமியின் வாயில் நீ என்று வந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. மணிமேகலை தண்ணீரை வாங்கிக் குடித்தாள். கோபப்படுவாள் என்று முனிலட்சுமி காத்திருந்தாள். அவளோ சொம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க மாமியார் வீட்ல எல்லாரும் தெலுங்குதான் பேசிக்குவாக. நான் ஒண்ணு கேட்டா சிரிப்பாக, பதில் வராது. இங்கதான்க்கா, ஏன்னு கேட்டா ஒரு மனுசர் பதில் சொல்றாரு."

பதில் கிடைக்காத வீடு எப்படி இருக்கும் என்பது முனிலட்சுமிக்குத் தெரியாததா? ஒன்று மட்டும் உறைத்தது. அந்தப் பெண் கேட்டாள், கிடைத்தது. தான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை.

காரை இழுத்து வந்து, இரண்டு நாளில் புது சீல் போட்டான். அந்த இரண்டு நாளும் ஷிப்டு முடிந்து வந்த மணிமேகலை, பஸ் வரும்வரை டீக்கடைப் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். மாமியாரிடம் கேட்க நாலு தெலுங்கு வார்த்தை, அந்தப் பாஷை தெரிந்த முனிலட்சுமியிடம் படித்துக்கொண்டாள்.

கடைசியாக ஆயில் ஊற்ற வேண்டும். பழைய ஆயிலா, சிந்தெடிக்கா என்று மணிமேகலை கேட்டாள். கோவிந்தப்பன் முதல்முறையாகப் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நீங்களே சொல்லுங்க," என்றாள் முனிலட்சுமி. டீக்கடையை விட்டு இறங்கி வந்து பானெட் பக்கத்தில் நின்றுகொண்டாள். "ஏன்னும் சேத்துச் சொல்லுங்க. எனக்கும் தெரியணும்."

அவன், இப்போது புது சீல் இருக்கிறது, அழுக்கும் போய்விட்டது, இனிச் சிந்தெடிக்தான் எஞ்சினுக்கு நல்லது என்றான். விளக்கிக் காட்டுவதற்கு முன்னால் கை கழுவ எழுந்து தொட்டியடிக்குப் போனான். சோப்பைக் காணோம்.

"சோப்பு எங்க?"

"இனிமே டீக்கடையில," என்றாள் முனிலட்சுமி. "யாருக்குக் கை கழுவணும்னாலும் எங்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்குங்க."