தண்ணீருக்குள் ஒட்டுகிறவர்கள்

குலசேகரனின் அக்கா மங்கை போன தை மாதம் ஜெல் உருண்டையாகிவிட்டாள். வெந்த ஜவ்வரிசி அளவு இருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் சிலருக்கு அப்படி ஆகும். அவளுடைய வாடகை அறையைப் பூட்டிவிட்டு, அவளை ஒரு கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு ஒட்டுதல் அளவை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள்.

அலுவலகத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. உடன்பிறந்தவர் நேரில் வந்து உள்ளங்கையைத் தர வேண்டும். ஒட்டுதல் அளவு நான்கோ அதற்கு மேலோ வந்தால் அன்றே வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். நான்குக்குக் கீழே வந்தால் அவர் தட்டிலேயே இருப்பார். பிறகு யாரும் கேட்டு வரக் கூடாது.

கடிதத்தை அவன் மனைவி சுகந்தியிடம் காட்டவில்லை. அவனுக்கு ஓர் அக்கா இருப்பது சுகந்திக்குத் தெரியாது. பதினாறு வருடங்களுக்கு முன் பெண் வீட்டார் அவனைப் பார்க்க வந்தபோது மங்கைதான் காபி கொண்டுவந்தாள். தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவை முழுக்க நூல் பிசிறு. "இவங்க யாரு?" என்று சுகந்தியின் பெரியப்பா கேட்டார். "சமையலுக்கு வர்றவங்க" என்றான் குலசேகரன். மங்கை நிமிரவில்லை. "சர்க்கரை போதுங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் பேசவும் இல்லை.

இப்போது அவளை வீட்டுக்குக் கொண்டுபோனால் யாரென்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அன்று காலை வலது உள்ளங்கையில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைத் தடவிக் காயவிட்டான். தடவியபோது குளியலறைக் கதவைத் தாழிட்டிருந்தான். மின்வாரியத்துக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். பஸ்ஸில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. நின்றால் சுருங்கியது. வந்திருந்தவர்கள் நின்று நின்று முன்னேறினார்கள். முதல் ஜன்னலில், நேரில் வந்திருப்பதற்கான இருப்புப் படிவம் கேட்டார்கள்.

"நான்தான் முன்னாடியே நிக்கிறேனே."

"நிக்கிறதுக்கு வேற படிவம் சார்."

இரண்டையும் வாங்கினான். வலது கையில் பேனா வழுக்கியது. 'உறவு' என்ற கட்டத்தில் இடது கையால் 'அக்கா' என்று எழுதினான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. மற்றவர்கள் பார்க்காதபடி படிவத்தை மடித்துக்கொண்டான்.

அளவை அலுவலரின் பெயர் எஸ்தர். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் குனிந்து, உருப்பெருக்கியில் ஒரு கண்ணை வைத்தபடியே பேசினார். குலசேகரனுக்கு முன்னால் பக்கிரிசாமி என்பவர் தன் மாமனாருக்காகக் கையை விட்டிருந்தார்.

"ஒண்ணே கால்" என்றார் எஸ்தர்.

"நல்லாப் பாருங்க மேடம். ஊர்ல எங்களை அப்பன் புள்ளைம்பாங்க."

"அது காத்துல. காத்துல யாரும் யாரோடயும் ஒட்டுவாங்க. வேர்வை போதும். தண்ணிக்குள்ள ஒட்டுறதுதான் ஒட்டுறது."

"கொஞ்சம் கறாரான மனுசன். அதனால இருக்கும்."

"கெட்டியானவங்களை நாங்க எடுக்கிறதே இல்ல. கெட்டியா இருந்தா ஒரு புள்ளியில தொட்டுட்டு நிப்பாங்க. ஒட்டியிருக்காங்களா, சும்மா நிக்கிறாங்களான்னு தெரியாது. மெத்துன்னு இருக்கிறவங்க ஒட்டினா அடி தட்டையாகும். அதைத்தான் அளக்கிறோம். அடுத்து யாரு?"

பக்கிரிசாமி கையை உதறிக்கொண்டே போனார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. குலசேகரனுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

எஸ்தர் மங்கையை ஒரு கரண்டியில் எடுத்து முதலில் தொட்டிக்குள் இருந்த வெறும் கண்ணாடியின்மேல் விட்டார். "எதுவுமே ஒட்டாத கண்ணாடி இது. இதுல எவ்வளவு வருதுன்னு பாத்துக்கணும்." விளக்கைப் போட்டார். மங்கைக்கு அடியில் சிறிய கறுப்புப் பொட்டு தெரிந்தது. அதைச் சுற்றி வானவில் வளையங்கள். "அரை. அவங்க சொந்தக் கனத்துக்கு இது எப்பவும் வரும். கையை விடுங்க சார். இருபது நிமிஷம் அசையக் கூடாது. அழவும் கூடாது. உப்பு விழுந்தா அளவு மாறிடும்."

அழும் உத்தேசம் அவனுக்கு இல்லை. கையை விட்டான். மங்கை உள்ளங்கையில் வந்து இறங்கினாள். கனமே இல்லை.

"ரெண்டு" என்றார் எஸ்தர். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு. இன்னும் விரியுது. ஆறு வந்தாலும் வரும்."

குலசேகரன் சோப்புத் திரவத்தின் அளவைப் பற்றி யோசித்தான். இன்னும் கொஞ்சம் தடவியிருக்கலாம் என்று நினைத்தான். நினைத்ததற்காக அவனுக்குக் காது சுட்டது.

"சேகரு" என்றாள் மங்கை. குரல் கை எலும்பு வழியாக ஏறி வந்தது. வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

அவனும் வாயைத் திறக்காமல் அதே வழியாகப் பதில் சொன்னான். "சொல்லுக்கா."

"கை வழவழங்குதே. சோப்பா?"

"பஸ்ல வந்தேன். அழுக்கா இருக்குமேன்னு."

"எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது."

"பாத்திரம் தேய்க்கிறது."

"அதையெல்லாம் கைக்குப் போடாதடா. தோல் உரிஞ்சிடும்."

மேலே எஸ்தர் "மூணே முக்கால்" என்றார்.

"சுகந்திகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"மின்வாரியம்னு."



"சரி, சரி" என்றாள் மங்கை.

எஸ்தர் உருப்பெருக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். மறுபடி குனிந்தார். "மூணு. ரெண்டு. ஒண்ணு. என்ன இது?" திருகைத் திருகினார். விளக்கை அணைத்துப் போட்டார். கறுப்புப் பொட்டு ஊசி குத்திய இடம்போல் ஆகி, அதுவும் போய்விட்டது. மங்கை உள்ளங்கையின்மேல் முழு உருண்டையாக நின்றாள்.

"பூஜ்யம்" என்றார் எஸ்தர். "கண்ணாடியிலேயே அரை வந்துச்சு. பூஜ்யம் வரணும்னா அவங்க தன் உடம்பைத் தானே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்."

"அப்படி முடியுமா மேடம்?"

"முடியும். யாரும் செய்ய மாட்டாங்க. ரொம்ப வலிக்கும்."

உள்ளங்கையில் ஒரு நடுக்கம் தெரிந்தது. தன்னுடையதா என்று குலசேகரன் கவனித்தான். அவனுடையது அல்ல.

"அக்கா, விட்டுடு."

"எதை?"

"தூக்கிப் பிடிக்காத."

"நான் எங்கடா பிடிக்கிறேன்? இப்பல்லாம் உடம்பு இப்படித்தான் இருக்கு." குரல் மூச்சு வாங்கியது. "அவங்களை எழுதச் சொல்லு. உனக்கு நேரமாகுது."

எஸ்தர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். "நீங்க கையை எடுக்கிற வரைக்கும் அவங்க விட மாட்டாங்க சார். என்ன செய்யட்டும்? வேணும்னா கையைக் கழுவிட்டு வந்து இன்னொரு தடவை விடுங்க. அதுக்கு விதி இடம் கொடுக்குது. குழாய் அங்க இருக்கு."

குழாய் நான்கடி தூரத்தில் இருந்தது. அங்கே தாழ்வாரம் இல்லை. எதுவும் நீளவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவப் போனால் கழுவ ஏதோ இருந்தது என்று தெரிந்துவிடும்.

"எழுதிடுங்க" என்றான் குலசேகரன். குரல் தெளிவாகவும் மரியாதையாகவும் வந்தது.

கையைச் சாய்த்தான். மங்கை உருண்டு கண்ணாடியில் விழுந்தாள். விழுந்த இடத்தில் மெல்லத் தளர்ந்து, அகன்று, படிந்தாள். எஸ்தர் அதை அளக்கவில்லை.

குலசேகரன் கையை வெளியே எடுத்தான். தண்ணீர் ஒரு சொட்டுகூட அதில் இல்லை. எஸ்தர் வழக்கப்படி துண்டை நீட்டினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை வாங்கி, காய்ந்த கையை விரல் விரலாக நெடுநேரம் துடைத்தான்.