வடூஸில் குத்திய ஒன்பது முத்திரைகள்

மனைவி புனிதவதி காலமாகி இருபதாம் நாள். அவளுடைய சுவிஸ் கடவுச்சீட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க எடுத்தபோதுதான் உருத்திரமூர்த்தி அதை விரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்பது முத்திரைகள். ஒன்பதும் லீக்டென்ஸ்ரைன் நாட்டினுடையவை. வருடத்துக்கு ஒன்று, எல்லாம் மே மாதத்தில்.

சுவிஸின் சோலோதுர்ன் நகரில் நாற்பது வருடம் வாழ்ந்தும் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன நாட்டில் அவர் கால் வைத்ததில்லை. அங்கேதான் மகள் பிரபாலினி இருந்தாள். மன்னார்க் கத்தோலிக்கப் பெடியன் ஒருவனை, அப்பனிடம் ஒரு சொல் கேளாமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். பத்து வருடமாக அவளோடு நன்மை தின்மைக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

மேசைக்கு எதிரே மைத்துனர் குகநாதன் இருந்தார்.

“குகன், இதென்ன?”

“அது சும்மா அத்தான். சுற்றுலா வாற சனத்துக்கு ஞாபகத்துக்குக் குத்திக் குடுக்கிறது. அந்த நாட்டுக்குள்ள போக ஆர் மறிக்கினம்? பஸ்ஸில நித்திரையாப் போனால் கண் முழிக்க ஒஸ்ரியா வந்திடும்.”

“அப்ப இவள் ஏன் குத்தினவள்?”

“அக்கா அந்த நாளில களவாய் எல்லை தாண்டி சுவிஸுக்கு வந்த மனுசியெல்லோ? முத்திரை இல்லாமல் நிண்டால் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். தேவையில்லை எண்டு எத்தனை தரம் சொன்னனான், கேட்டாவோ?”

சொன்ன பிறகுதான் குகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐன்சீடெல்ன் தேவாலயத்து மாதாவுக்கு நேர்த்தி என்று சொல்லித்தான் புனிதவதி ஒவ்வொரு மே மாதமும் புறப்பட்டாள். இரண்டு இடத்துக்கும் சூரிச் வரைக்கும் ஒரே ரயில். உருத்திரமூர்த்தியே ஒன்பது தடவையும் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டிருக்கிறார்.

மரண அறிவித்தலை அவர் தம் கைப்படத்தான் எழுதினார். ‘மதுஷனின் பாசமிகு தாயாரும்’ என்று மகன் பெயரோடு நிறுத்தினார். தாயின் முகத்தைப் பார்க்க வரலாமோ என்று பிரபாலினி குகநாதன் மூலம் கேட்டனுப்பியபோது, “பேர் இல்லாதவைக்கு அங்க இடமும் இல்லை” என்றார். சபையில் தலை குனியக்கூடாது என்ற எண்ணம். அன்று அது சரியாகத்தான் பட்டது.

இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதை எழுத ஒரு வெற்றுத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, குகநாதனிடம் மகளின் விலாசம் வாங்கி, அவர் தனியே புறப்பட்டார்.

சார்கான்ஸில் ரயிலை விட்டு பஸ் ஏறினார். எல்லையான ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து வருடமாகக் கடலுக்கு அப்பால் என்று நினைத்து வைத்திருந்த நாடு. தலைநகர் வடூஸில் பாறைக்கு மேலே ஒரு கோட்டை, அதன் கீழே திராட்சைத் தோட்டம். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், மறுபடி பஸ்ஸில் ஏறினார்கள்.

கதவைத் திறந்த பிரபாலினி விலகி வழி விட்டாள். பிறகு, “வாங்கோ” என்றாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் கதிரையில் சாயாமல் நிமிர்ந்து இருந்தார்.

“அம்மா இந்தச் சன்னலடியிலதான் இருப்பா,” என்றாள். “சுவிஸில் உள்ளது எல்லாம் இங்கயும் கிடக்கு, என்னத்துக்கு இந்த நாடு உங்களுக்குப் பிடிக்குது எண்டு அம்மாவை ஒருநாள் கேட்டனான். ‘இந்தக் கரையில நிண்டு கூப்பிட்டால் அந்தக் கரையில கேக்கும் பிள்ளை. இதுக்குள்ள ஒருத்தரையும் துலைக்கேலாது’ எண்டவா.”

உருத்திரமூர்த்தி தாளை எடுத்து விரித்தார். பேனையைத் திறந்தார்.

“முப்பத்தொண்டுக்கு அறிவித்தல் குடுக்கவேணும். உன்ர மனுசன்ர முழுப்பேரைச் சொல்லு.”

மன்னிப்பு என்ற சொல்லை அவர் ஆயுளில் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். அவளுக்கும் அது விளங்கியது.

“முகத்தைப் பாக்க விடேல்லை நீங்கள். முகம் எரிஞ்சு முடிஞ்ச பிறகு பேர் என்னத்துக்கு அப்பா?”

“சனம் பாக்கட்டும். என்ர மகள் எண்டு...”

“சனத்துக்கு வேண்டாம். நான் ஆரெண்டு அம்மாவுக்குத் தெரியும். மதுஷன்ர பேரோடயே விடுங்கோ.” குரல் உயரவில்லை. “தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.”

அவர் குடித்தார். ஆடை படிந்து ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார். இன்னும் கொஞ்சம் தரட்டோ என்று அவள் கேட்பாள் என்று வெறும் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அந்தத் தாளில் ஒரு எழுத்தும் விழவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சுற்றுலா அலுவலகத்துக்குள் போனார். பையில் புனிதவதியினதும் அவருடையதுமாக இரண்டு கடவுச்சீட்டுகள் இருந்தன. தம்முடையதை எடுத்து நீட்டினார்.

“இது கட்டாயமில்லை ஐயா, சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான்,” என்று அங்கிருந்த பெண் ஜெர்மன் மொழியில் சிரித்தபடி சொன்னாள்.

“தெரியும். குத்துங்கோ,” என்று அவரும் அதே மொழியில் சொன்னார்.

மை காயட்டும் என்று பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் இருந்தார். பாலம் வந்தது. அந்த முத்திரையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.