முப்பது கை வாய்க்கரிசி

1

இந்தக் கதை என் அயல்வீட்டு யோகமலர் அக்காவுடையது. "தம்பி, இதை எங்கையும் எழுதிப்போடாதேங்கோ" என்று என் காரில் இருந்தபடி கேட்டுக்கொண்டார். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். என் புத்தி அப்படி.

2

முதல் தொடக்கம்: 'பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள் ஒரு கோயில் நடனக்காரியை வைத்துச் செய்த பாலே நடன நாடகம் அது. இரண்டாம் அங்கத்தில் அவள் செத்துப்போவாள். தோழியர் முப்பது பேர் ரோசாப்பூத் தூவுவார்கள். ரொறன்ரோவில் ஒரு நடனக் குழு அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி...'

(விளம்பரத் தாள் மாதிரி இருக்கிறது. ஆனால் விவரம் வேண்டும். கிடக்கட்டும்.)

3

லக்சிகா அக்காவின் ஒரே மகள். அந்தக் குழுவில் ஒன்பது வருடம் பின்வரிசையில் ஆடியவள். ஒத்திகையில் நெறியாளர் அவளிடம் கேட்டார்: பூவெல்லாம் பொய், உங்கள் ஆட்கள் செத்தவருக்கு உண்மையில் என்ன செய்வார்கள்?

கனடாவில் பிறந்தவள் கண்ட சாவு ஒன்றே ஒன்று, அப்பாவினுடையது. இறுதிச்சடங்கு மண்டபத்தில் அம்மா வாய்க்கரிசி போட்டதைச் செய்து காட்டினாள். அன்று அக்காவின் கை நடுங்கி இரண்டு முறை அரிசி கன்னத்தில் சிந்தியது. மூன்றாம் முறைதான் வாய்க்குப் போனது. அந்த நடுக்கத்தையும் விடாமல் காட்டினாள். அடுத்த கிழமை நாயகி வேடம் அவளுக்குக் கிடைத்தது.

(அதற்காகத்தான் காட்டினாளா? அவளைப் பேராசைக்காரியாக்கி ஒரு பந்தி எழுதினேன். அழித்துவிட்டேன். அவளைச் சொல்ல நான் யார்...)

4

ஞாயிறு மதியக் காட்சி. மகளின் முதல் பெரிய வேடம் என்று அக்கா பட்டுச்சேலை கட்டி என் காரில் வந்திருந்தார். லக்சிகா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சர்ப்ரைஸாம்.

மேடையில் அவள் செத்துக் கிடந்தாள். முப்பது பெண்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். முப்பது கைகளும் இரண்டு முறை நடுங்கி அரிசியைச் சிந்தின, மூன்றாம் முறை வாயில் போட்டன. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு, பெற்றவளின் கண் முன்னால்.

அக்கா அழவில்லை. வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டார். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

5

முடிவு ஒன்று: உடை மாற்றும் அறையில் மகளின் உதட்டில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டு, அக்கா அவளைக் கட்டிக்கொள்கிறார்.

(பொய். என் ஆசை.)

நடந்தது: மூவரும் என் காரில் எங்கள் தெருவான மோர்னிங்சைட்டுக்கு வந்து சேர்ந்தோம். காரை நிறுத்தியதும் அக்கா கேட்டார்.

"இன்னும் எத்தினை நாளைக்கு, பிள்ளை?"

"ஒன்பது ஷோ இருக்கு, அம்மா. அது அப்பாவை நினைச்சுத்தான்..."

"அது என்ரை கை."

லக்சிகா இறங்கிப் போனாள். அதன் பிறகுதான் அக்கா என்னிடம் எழுத வேண்டாம் என்று கேட்டார்.

6

இன்று காலை லக்சிகா எனக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், காட்சியிலை இருந்து அரிசியை எடுக்கச் சொல்லட்டா? சொன்னா ரோலை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம். போஸ்டரே அரிசிதான். சொல்லாட்டி அம்மா என்னோடை கதைக்கமாட்டா."

அக்காவின் கை நடுங்கும் அந்த மூன்றாம் பிரிவு என் கணினித் திரையில் திறந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த காட்சி வியாழக்கிழமை. அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் சொல்லுங்கள். என்னைக் கேட்காதீர்கள். இதை எழுதி, முப்பத்தோராவது ஆளாக நானும் வாய்க்கரிசி போட்டுவிட்டேன்.