ஈர விறகும் பேக்கனும்

வெர்னா இருக்கும் ஊரிலேயே கிளெம் கேரிட்டி வந்து முடங்கிக் கிடக்கிறான் என்ற செய்தியை அவளுக்குச் சொன்னவர் கசாப்புக் கடைக்காரர் நெவில். டப்போ என்ற அந்த ஊரில் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கும் முதியோர் இல்லத்துக்கு இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான்.

"அங்க ஒரு கெழவன் வந்திருக்கான் வெர்னா. தட்டுல எதை வச்சாலும் தள்ளி விட்டுடறான். டார்லிங் ஆத்துப் பக்கம் ஆட்டு ரோமம் வெட்டப் போனப்ப ஒரு சமையக்காரி பேக்கன் பொரிப்பாளாம். அது மாதிரி கொண்டாந்தா திங்கறேன், இல்லன்னா வேணாம்னு நர்சுங்கள வாட்டி எடுக்கறானாம். நீயும் அந்தப் பக்கம்தான சமையல் பண்ணிட்டிருந்த?"

"அவன் பேரு என்ன?"

"கேரிட்டி."

வெர்னா கையில் இருந்த பணப்பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பேக்கனை, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சியை, கைகாட்டி, "அந்தப் பக்கத்துல இருந்து வெட்டு. கொழுப்பு நெறய இருக்கட்டும். ரொம்ப மெல்லிசா வேணாம்," என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவளுக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கும் அந்தக் கொட்டகைதான் கண்முன் நின்றது. தகரக் கூரை, சிவந்த மண், கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கு வாடை.

அப்போது அவளுக்கு இருபது சொச்சம் வயது. சிட்னியில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரோமம் கத்தரிக்கும் காண்ட்ராக்டர் ஆர்ச்சி டன் தன் ஆட்களுக்குச் சமையலுக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போய், விடுதிக்கே நான்தான் சமைக்கிறேன் என்று துணிந்து புளுகினாள். சிட்னியை விட்டு எங்காவது தொலைவாகப் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை இருக்கவில்லை. பர்க் என்ற ஊர் வரைக்கும் ரயில். அங்கிருந்து லாரியின் பின்பக்கம், மாவு மூட்டைகளோடு மூட்டையாக.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையிலேயே அவள் குட்டு உடைந்தது. விறகு அடுப்பு பேய் மாதிரி எரிந்தது. இரும்புச் சட்டி புகை கக்கும் வரை காய்ந்துவிட்டது. பேக்கன் துண்டுகளை அதில் போட்டாளோ இல்லையோ, அவை சுருண்டு எழுந்து நின்றன. ஓரமெல்லாம் கரி, நடுவில் வெள்ளை வெளேரென்று வேகாத கொழுப்பு. பசியோடு வந்து உட்கார்ந்த ஆட்கள் அதை முள்கரண்டியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்திலேயே வேகமாகக் கத்தரிப்பவன் கிளெம். நெட்டையன், செம்பட்டைத் தலை, அவன் கத்தரியைவிட நாக்கு கூர்மை. ஒரு துண்டை விரலில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஆர்ச்சி, உன் குதிரைச் சேணத்துல ஒரு வார் காணாமப் போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் அதோடு விடவில்லை. எழுந்து போய்ச் சாப்பாட்டு அறைக் கதவின் கீலில் அந்தத் துண்டை வைத்து அழுத்தித் தேய்த்தான். கதவை ஆட்டிப் பார்த்தான்.

"பாத்தீங்களா, கிறீச்சுன்னு கத்திக்கிட்டு இருந்தது வாய மூடிடுச்சு. எதுக்கும் ஒதவாதுன்னு சொல்லிடாதீங்கப்பா."

வெர்னா சமையலறைக்குள் போய் மாவு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே.

அடுத்தடுத்த நாட்களும் அதே கதைதான். மதியம் ஆட்டுக் கறியை ஒரு மாதிரி ஒப்பேற்றிவிடுவாள், ரொட்டியும் தேறியது. காலை பேக்கன் மட்டும் அவளிடம் மசியவே இல்லை. நாள் முழுக்கக் குனிந்து உடம்பு ஒடிய வேலை செய்கிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு சரியில்லையென்றால் அன்றைய பொழுதே பாழ். அந்த வார நடுவில் ஆர்ச்சி வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. சமையல்காரி இருக்கணுமா போகணுமான்னு அவங்கதான் ஓட்டுப் போடுவாங்க. இங்க வழக்கம் அது. ஞாயித்துக்கிழமைன்னு பேசிக்கிட்டாங்க."

"கேரிட்டிதான கெளப்பி விட்டான்?"

"யாரு கெளப்பினா என்ன? எனக்கே வயிறு சரியில்ல."

ஓட்டு நடப்பதற்கு முன்பே மழை வந்துவிட்டது. மாதக்கணக்கில் துளி விழாத பூமியில் ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. விறகுக் குவியல் முழுக்க நனைந்துவிட்டது. விடிந்ததும் முதல் வேலையாக வெர்னா பேக்கன் துண்டுகளைச் சட்டிகளில் வரிசையாக அடுக்கி அடுப்பின்மேல் வைத்துவிட்டாள். நெருப்பு பிடித்தால் போதும், நேரத்துக்கு முடித்துவிடலாம் என்று கணக்கு. நெருப்பு பிடித்தால்தானே? ஈர விறகு புகைந்தது, சீறியது, அழுதது. கொஞ்சூண்டு கங்கு மட்டும் உள்ளே கண் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. ஊதி ஊதி அவள் கண்ணும் மூக்கும் ஒழுகின.

கடைசியில், போதும், எப்படியோ போகட்டும் என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்துத் தகரத்தின் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மழை மண்ணைக் கரைத்துச் சிவப்பு ஓடைகளாக ஓட்டிக்கொண்டிருந்தது. பர்க்கில் இருந்து சிட்னிக்கு ரயில் எந்தக் கிழமை என்று யோசித்தாள். அம்மாவிடம் என்ன பொய் சொல்வது என்றும் யோசித்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. உள்ளேயிருந்து வந்த வாசனைதான் அவளை எழுப்பியது. அதுவரை அந்தச் சமையலறையில் வராத வாசனை.

ஓடிப் போய்ப் பார்த்தாள். கங்கின் மெல்லிய சூட்டிலேயே கொழுப்பு முழுக்கத் தெளிந்த எண்ணெயாக உருகி இறங்கியிருந்தது. துண்டுகள் சுருளாமல் நேராகப் படுத்து அதில் மெல்லச் சலசலத்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் புரட்டினாள். அடிப்பக்கம் தேன் நிறம். எல்லாவற்றையும் புரட்டிப் போட்டு அவசரப்படாமல் காத்திருந்தாள். பிறகு எடுத்துக் காகிதத்தின் மேல் பரப்பி, ஒரு துண்டை வாயில் வைத்தாள். மொறுக்கென்று உடைந்தது. உப்பும் புகையும் இனிப்பும் ஒன்றாக நாக்கில் இறங்கின. நின்ற இடத்திலேயே இன்னொன்றையும் தின்றாள்.

அந்த நேரத்தில் கொட்டகையில் வேறு ஒரு ஓட்டு நடந்துகொண்டிருந்தது. ஆடுகள் நனைந்திருக்கின்றனவா, காய்ந்திருக்கின்றனவா என்று. நனைந்த ஆட்டைத் தொட்டால் உடம்புக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. நனைந்ததாகவே தீர்ப்பாகி, வேலை இல்லாமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எல்லாரும் சேற்றில் சளக் சளக்கென்று திரும்பி வந்தார்கள். முதலில் உள்ளே நுழைந்தவன் கிளெம். வாசலிலேயே மூக்கைத் தூக்கினான். நேராக வந்து காகிதத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான். இன்னொன்றை எடுத்தான்.

"யாரு செஞ்சது இது?"

"நான் இல்ல," என்றாள் வெர்னா. "ஒரு ஆவி வந்து பொரிச்சு வச்சிட்டுப் போச்சு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை கிளெமைப் பார்த்து. அவனும் சிரித்துவிட்டான்.

அன்றைக்கு முழுக்க மழை விடவில்லை. அவளும் அடுப்பை விட்டு நகரவில்லை. ஆறின சட்டியில் துண்டுகளை அடுக்குவாள், கங்கின்மேல் வைப்பாள், பொறுத்திருப்பாள். உருகிய கொழுப்பில் ரொட்டியைப் போட்டுச் சிவக்க எடுப்பாள், முட்டையை உடைத்து ஊற்றுவாள். யாரோ மவுத் ஆர்கன் வாசித்தார்கள். ஆர்ச்சி மூலையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கிளெம் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டுக்கொண்டு, விறகைச் சுள்ளி சுள்ளியாகப் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வெறகு காஞ்சிடுச்சுன்னா என்ன பண்ணுவ?"

"ஏன்?"

"ஒண்ணும் இல்ல. வேணும்னா ராத்திரியே நான் ஒரு வாளி தண்ணி ஊத்தி வைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஓட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளாகவே கேட்டபோது கிளெம், "எந்த ஓட்டு?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டான்.

அந்தக் கூட்டத்தோடு அவள் பல பண்ணைகள் சுற்றினாள். பிற்பாடு வேறு கூட்டங்களோடும் போனாள், நல்ல பெயரும் எடுத்தாள். ஆனால் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் எது என்று யாராவது கேட்டால் அவள் மனதில் வந்து நிற்பது அந்த முதல் வருடம்தான். வேலை முடிந்து பர்க்கில் எல்லாரும் பிரிந்த அன்று, கிளெம் குயின்ஸ்லாந்து போகிற லாரியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வழக்கமான அதே இளிப்போடு கேட்டான்.

"நீயும் வர்றியா?"

"அங்க வந்து உன் பேச்சையும் கேட்டுக்கிட்டு ஈயையும் ஓட்டணுமா?" என்று அவளும் சிரித்தாள்.

லாரி கிளம்பிவிட்டது. அவன் அங்கேயே மார்ஜரி என்ற ஒருத்தியைக் கட்டிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். இவள் ரயில்வேயில் வேலை பார்த்த ஆல்ஃபைக் கட்டினாள். தங்கமான மனிதர். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், போனார்கள். ஆல்ஃபும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கசாப்புக் கடைக்குப் போய் வந்த மறுநாள் காலையில் வெர்னா எழுந்து கனமான சட்டியை எடுத்து வைத்தாள். அதில் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, அதன் பிறகுதான் கேஸைப் பற்ற வைத்தாள், இருப்பதிலேயே சிறிய தீயாக. பக்கத்திலேயே நின்றாள். ஒரு தரம்கூடத் தீயைக் கூட்டவில்லை. கேக் டப்பாவில் காகிதம் விரித்து அடுக்கி எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

முதியோர் இல்லத்துத் தாழ்வாரத்தில் கிளெம் சக்கர நாற்காலியில் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த நெட்டை உடம்பு மடித்து வைத்தது போல ஆகியிருந்தது. செம்பட்டை முடி இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"யாரது, வெளிச்சத்த மறைக்கறது?"

"சமையக்காரி."

அவன் கண்ணை இடுக்கி அவளை மேலும் கீழும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"லேட்டு. காலைச் சாப்பாடு ஆறரைக்கு."

அவள் டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். "பல்லு எங்க கிளெம்?"

"டம்ளர்ல கெடக்கு. லீவுல இருக்கு."

ஒரு துண்டை எடுத்து ஒடித்தான். அந்தச் சத்தத்துக்குத் தலையை ஆட்டினான். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, மிட்டாயைச் சப்புகிற மாதிரி கரையவிட்டான்.

"மொத நாளே நான் சொன்னேன், இவ கைப்பக்குவம் தனின்னு."

"பொய் சொல்லாத. கதவுக்கு எண்ணெ போட்ட."

"நானா? அது வேற எவனாவது இருக்கும்."

"நீதான்."

"அப்படியா?" நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. "எனக்கு அந்த மழைதான் ஞாபகம் இருக்கு. உன் மூக்கு நுனியில கரி. சொல்லலாமா வேணாமான்னு நாள் பூரா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

வெர்னா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்கக் கூடாது என்று காரில் வரும்போது முடிவு பண்ணியிருந்தாள். வாய் அடங்கவில்லை.

"பர்க்குல வச்சு, வர்றியான்னு கேட்டியே. நெசமாத்தான் கேட்டியா?"

அவன் இன்னொரு துண்டை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டான்.

"ஒரு வாரமா ஆட்டுக்கிட்டயெல்லாம் சொல்லிப் பாத்துட்டுத்தான் உன்கிட்ட வந்தேன்."

"சிரிச்சுக்கிட்டே கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"அழுதுகிட்டே கேட்டிருந்தா வந்திருப்பியா?"

"தெரியல." யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள். "ஆல்ஃப் நல்ல மனுசன், கிளெம்."

"மார்ஜரியும் நல்லவதான். பேக்கன் மட்டும் கடைசி வரைக்கும் வேகவே இல்ல."

இருவரும் சிரித்ததில் உள்ளே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் வெர்னா டப்பாவோடு போனாள். அவன் மற்ற சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட ஆரம்பித்தான். பக்கத்து நாற்காலிக்காரர்களும் கை நீட்டப் பழகிக்கொண்டார்கள். கிளெம் அவர்களைத் திட்டிக்கொண்டே கொடுத்தான்.

குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அடுப்பருகே நிற்க முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று படுத்திருந்தபோது போன் அடித்தது. அவன் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"எங்க இருக்க?"

"வீட்டுலதான். கால் வலி. நிக்க முடியல கிளெம், இன்னிக்கு ஒண்ணும் பொரிக்கல."

கேலியாக ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"சாப்பாடு கெடக்கட்டும்," என்றான். "நீ வா."

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். காரை ஓட்ட முடியாது. டாக்சிக்குச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு, நொண்டி நொண்டி வாசலுக்கு வந்து நின்றாள்.